பொய்ப் பயனரும் மெய்ப் பயனரும்

பரீட்சைப் பெறுபேறுகளை வெளியிடும் இணையத்தளமொன்றைக் கண்காணிக்கும் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மனிதரைப் போன்று தளத்தினுட் புகுந்து, சுட்டெண்ணை இட்டு, பெறுபேற்றைப் பெற்று, அதற்குச் சென்ற நேரத்தைக் குறித்துவைக்கும் நிரலொன்றை எழுதியிருந்தேன். 1998இல் தோன்றிய ஜேமீற்றர் போன்ற கருவிகள் இத்தகைய பொய்ப் பயனர்களை ஆயிரக்கணக்கில் ஏவ வல்லவை. நான் ஏவியதோ ஒருவனைத்தான்.

பெறுபேறு வெளியான இரவு முழுவதும் அவன் ஒரு செக்கனுக்குள் விடை பெற்றுக்கொண்டேயிருந்தான். என் தங்கையின் மகளோ வெற்றுத் திரையின் முன் அழுதுகொண்டிருந்தாள்.

விடியும் வேளையிலேயே காரணம் புலப்பட்டது. என் நிரல் எப்போதும் ஒரே சுட்டெண்ணையே கேட்டது. அவ்விடையைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்த சேவையகம், தரவுத்தளத்தை அணுகாமலே அதனைத் திருப்பித் தந்தது. ஏனையோர் அனைவரும் தரவுத்தளத்தின் வாயிலில் நெரிந்து நின்றனர். என் வரைபடத்திலோ யாதொரு குறையுமில்லை!

சுட்டெண்களை மாற்றி இடவும், இடையிடையே தயங்கவும், பிழையாக இட்டுத் திருத்தவும் பின்னர் அவனுக்குக் கற்பித்தேன். அவ்விரவு என்ன செய்தாயெனத் தங்கையின் மகளிடமும் வினவினேன்.

“வரேல்லை எண்டு திரும்பத் திரும்ப அமத்தினன், மாமா. அம்மாவின்ர போனிலையும் திறந்து பாத்தனான்.”

அவ்விரண்டையும் நிரலிற் சேர்த்தேன்.