கொல்லைப்புறம் இல்லாத வீடு

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், ஸ்ரீநகரில் சங்கராசாரியார் குன்றின்மீது எழுந்தருளியுள்ள ஈசனைத் தரிசிக்கும் பேறு எனக்கும் என் மனைவிக்கும் கிட்டியது. ஆதிசங்கரர் தங்கித் தவமியற்றிய தலம் என்பது ஐதிகம். சுமார் 240 படிகள். முதுமைக்குச் சற்றுச் சிரமந்தான். மேலிருந்து நோக்கினால் தால் ஏரியும், அதில் வரிசையாக நிற்கும் படகு வீடுகளும் கண்ணை நிறைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் மூன்று நாட்கள் தங்கினோம்.

அயலார் நிலம் வாங்க இயலாத மன்னராட்சிக் காலத்தில், ஆங்கிலேயர் தங்குவதற்கெனப் பெருகியவை இவ்வீடுகள். தேவதாரு மரத்தாலான கூடம், படுக்கையறை, குளியலறை எல்லாம் உண்டு. கரைக்குச் செல்ல ‘ஷிகாரா’ என்னும் சிறு படகு.

இரண்டாம் நாள் காலை, பூஜையின் நிர்மால்ய மலர்களை, கட்டிய நூலோடு, வழக்கம்போல் நீரில் விட்டேன். புண்ணியம் என்றே எண்ணினேன். மாலையில் திரும்பியபோது அவை அதே படியருகில் அழுகி மிதந்தன. வீட்டுக்குரிய இஸ்லாமியப் பெரியவர், கழியில் கட்டிய வலையால் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு புன்னகைத்தாரேயன்றி, ஒரு சொல் கடிந்துரைக்கவில்லை. நாணத்தால் தலை குனிந்தேன்.

மன்னிப்புக் கேட்டபோது இந்தியில் அவர் சொன்னார்: “உங்கள் வீட்டுக்குக் கொல்லைப்புறம் உண்டு, ஐயா. எங்களுக்கு நாற்புறமும் வாசல்தான்.”

பிறகு சமையற்கட்டைக் காட்டினார். காய்கறித் தோல் ஒரு வாளியில், அது எருவாகும். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சாக்கில் கட்டப்பட்டுப் படகில் கரையேறும். கழிப்பறை நீர் முன்பெல்லாம் நேரே ஏரியில் கலந்ததை அவர் மறைக்கவில்லை. நீதிமன்றம் தலையிட்டதையும், தம் வீட்டுக் கழிவு இப்போது குழாய் வழியே கரைக்குச் செல்வதையும் கூறினார். நகரத்துச் சாக்கடைகளும் ஏரியை நாடி வருவதுதான் அவருடைய ஆறாத வருத்தம்.

கழிவின் சத்தை உண்டு நீர்க்களைகள் செழிக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. சேறு படிந்து ஏரி தூர்ந்துபோகிறது. ஒரு பிடி மலரால் ஏரி கெட்டுவிடாது என்று மனம் வாதிட்டது. நாள்தோறும் வருவோர் ஒவ்வொருவரும் ஒரு பிடி இட்டால்? முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்த எனக்கு, இந்தக் கூட்டல் மட்டும் தெரியாமற்போயிற்று.

மறுநாள் என் மனைவி மலர்களிலிருந்து நூலை நீக்கி உலர்த்தித் துணிப்பையில் முடிந்துகொண்டாள். ஊர் திரும்பியதும் எங்கள் பவழமல்லி மரத்தடியில், கால்படாத இடத்தில், அவற்றை மண்ணில் சேர்த்தோம்.

அன்பர்களே, நிர்மால்யத்தை நீரில் விடச் சொன்ன பெரியோர், ஓடும் ஆற்றை மனத்திற்கொண்டே சொல்லியிருப்பர். ஏரியிலும் நம் ஊர்த் திருக்குளத்திலும் அத்தகைய ஓட்டம் ஏது? அடுத்த யாத்திரைக்கு ஒரு துணிப்பை கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். குன்றின்மேல் அமர்ந்து அந்த நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஈசன் அதையும் ஒரு பூஜையாக ஏற்றருள்வான்.