திரை உறைந்து நின்றபோது



சில மாதங்களாக ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் வேளையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று வேதத்தைப் பற்றியதன்று. “ஐயா, எங்க வீட்டு கம்ப்யூட்டர் இனிமே ஓடாதாமே?” என்பதே அது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, ஏறக்குறைய இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலிகளிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம் சபையாரின் இல்லங்களில் இருக்கும் கணினிகளில் பல அதற்கும் மூத்தவை. அவை ஓடாமல் நின்றுவிடப் போவதில்லை; பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றுபோயிற்று. இணையத்தில் வேலை செய்வோருக்கு அது சிறிய காரியமல்ல.

நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் கணினியைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். அவர்களுடைய அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன், பெயரைக் குறிப்பிடவில்லை. சைதாப்பேட்டை நீதிமன்ற வளாகத்திற்கு வரும் வழக்கறிஞர்களுக்கு மனுக்களும் பிரமாணப் பத்திரங்களும் தட்டச்சு செய்து கொடுப்பதே அவர்களுடைய தொழில். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்ச்சி பெற்றவர்கள். கணவர் அதே தொழிலைச் செய்துவந்தவர்; அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பு அவருடைய நாற்காலியில் இவர்கள் அமர்ந்தார்கள். மகன் பிளஸ் டூ படிக்கிறான். வீட்டிற்கு வரும் வருமானம் அந்த ஒரு கணினியின் வழியாகத்தான் வருகிறது.

2015 டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரைபுரண்டு வந்ததையும், மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதையும் உங்களில் அநேகர் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். அன்று அவர்களுடைய முதல் கணினி மூழ்கிப்போயிற்று. அதன் வன்தட்டை மட்டும் கணவர் கழற்றி, நெகிழிப் பையில் சுற்றி, மாடிக்குக் கொண்டுபோயிருந்தார். மறு ஆண்டில் பழைய கணினி ஒன்றை வாங்கி அதில் அந்தக் கோப்புகளையெல்லாம் ஏற்றினார். அந்த இரண்டாம் கணினிதான் இப்போது நம் கதையின் நாயகன். இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி. 4 ஜிபி நினைவக அட்டைகள் இரண்டு. விண்டோஸ் 11 அதனுள் நுழையாது.

வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி, பாலிடெக்னிக் படித்தவர், “அக்கா, லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன், காசே வேண்டாம்” என்று முன்வந்தார். லினக்ஸைக் குறித்து ஒரு வார்த்தை. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கரு அது; இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்ப்பது; இலவசமாகக் கிடைப்பது. நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் அதை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தை உருவாக்கியது. தம்பி தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட். பழைய கணினிக்கு அது பொருத்தமான தேர்வுதான்: 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டிடமும் இருந்தால் நிறுவலாம்.

ஆனால் நிறுவ முடியவில்லை. முதல் முறை, மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே சுட்டி அசையாமல் நின்றது. இரண்டாம் முறை நேர மண்டலம் வரை சென்று நின்றது. பிறகு கோப்புகள் படியெடுக்கப்படும் கட்டத்தில் பாதியில். அதன்பின் மறுபடியும் தொடக்கத்திலேயே. நான்கு மாலைகள் இப்படிக் கழிந்தன. ஒரு கடையில் காட்டியபோது, “போர்டு போயிடுச்சும்மா, புதுசா வாங்கிடுங்க” என்றார்களாம். 28,000 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். சகோதரி தம் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஜார் சாலையிலுள்ள அடகுக் கடைக்குப் போகும் வழியில் என் மனைவியைச் சந்தித்தார்கள். அன்று மாலை அந்தக் கணினி ஆட்டோவில் ஏறி எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. இறையியல் கல்லூரிக்குப் போகுமுன் நான் சில ஆண்டுகள் கணினி பழுது பார்க்கும் வேலை செய்தவன் என்பது பழைய சபையாருக்குத் தெரியும்.

நிறுவலைத் தொடாமல், முதலில் பெட்டியைத் திறந்து வன்தட்டைக் கழற்றினேன். நிறுவியின் ஒரு திரையில், வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்ற கேள்வி வருகிறது. உறைந்து உறைந்து நிற்கும் ஒரு கணினியில் அந்தக் கேள்விக்கு விடையளிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வட்டை ஒரு சாட்டா கம்பியின் மூலம் என் மடிக்கணினியில் இணைத்து, எல்லாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுத்தோம். 41 ஜிபி. வட்டின் ஆரோக்கிய அறிக்கையையும் பார்த்தோம். பழுதான பகுதி ஒன்றும் இல்லை. நோய் வட்டில் இல்லை என்பது அப்போதே தெளிவாயிற்று.

படியெடுத்த கோப்புகளைச் சகோதரி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மனுக்களுக்கு நடுவே ஒரு அடைவு திறந்தது. உள்ளே சனிக்கிழமைத் தேதியிட்ட நூற்றுக்கணக்கான கோப்புகள். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாய்க் கலந்து நின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தே இயங்கின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அப்படித்தான் தோன்றும். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கென்றே பிறந்தவை. என் மடிக்கணினியில் ஒரு கோப்பை மாற்றிப் பார்த்தோம். நம் ஆலயத்தின் ஞாயிறு அறிக்கைத் தாள். பிறந்தநாள் கொண்டாடுவோர், நோயுற்றோர், அந்த வாரத்துப் பாடல் எண்கள். பல ஆண்டுகள் அந்தத் தாளை யார் தட்டச்சு செய்து கொடுத்தார்கள் என்று நான் இந்தச் சபைக்கு வருமுன்னிருந்தே இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. சகோதரி திரையைப் பார்த்து, “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பார் ஐயா” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. எல்லாக் கோப்புகளும் மாற்றப்பட்டு முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

இனி உறைதலைப் பற்றி. கணினி நிற்கும் இடத்தைவிட, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒரே இடத்தில் நின்றால், நிறுவல் கோப்பு சிதைந்திருக்கலாம். அல்லது காட்சியட்டையோடு இயக்கிக்கு ஒத்துவராமல் இருக்கலாம். இடம் மாறிமாறி நின்றால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்: வெப்பம், மின்வழங்கி, நினைவகம். தம்பி நான்கு நாட்களும் ஒரு நோட்டில் எந்தத் திரையில் நின்றது என்று மணியோடு குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டுதான் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி. இளைஞர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை என்று குறைசொல்லும் பெரியவர்கள் இதைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இருப்பினும் எளிய காரணங்களை முதலில் விலக்கினோம். இறக்கிய நிறுவல் கோப்புக்கு ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண் உண்டு. 64 எழுத்துகள் நீளமுள்ளது. வெளியிட்டோர் தரும் எண்ணும் நம் கணினி கணக்கிடும் எண்ணும் ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தியது. பென் டிரைவை மாற்றினோம், துளையை மாற்றினோம். தொடக்கப் பட்டியலிலுள்ள ‘இணக்க முறை’யில் துவக்கினோம்; காட்சியட்டை இயக்கியால் வரும் உறைதலானால் அதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லை. விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தோம், செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையை மாற்றினோம். வெப்பம் இறங்கியது, உறைதல் நிற்கவில்லை.

எஞ்சியது நினைவகம். மெம்டெஸ்ட்86+ என்னும் சிறு நிரல், எந்த இயங்குதளமும் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே துவங்கி, நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதி, எழுதியதே திரும்ப வருகிறதா என்று பார்க்கும். 4 ஜிபி அட்டை ஒன்றில் 3,435 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் உள்ளன. இரவு ஒன்பது மணிக்கு அதை ஓடவிட்டு ஜெபித்துவிட்டுப் படுத்தோம். காலையில் திரையில் சிவப்பு வரிகள். எல்லாப் பிழைகளும் ஏறக்குறைய ஒரே முகவரியை ஒட்டியே இருந்தன. ஒரு அட்டையைக் கழற்றிச் சோதித்தோம், பிறகு மற்றதை அதே துளையில் வைத்துச் சோதித்தோம். நல்ல அட்டையை இரண்டு துளைகளிலும் வைத்துப் பார்த்தோம். துளைகளில் குறையில்லை. குறை ஒரே ஒரு அட்டையில்.

கோடிக்கணக்கானவற்றில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தோம் என்றவுடன் காணாமற்போன ஆட்டின் உவமை உங்கள் நினைவுக்கு வரும்; எனக்கும் வந்தது. ஆனால் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது குப்பைக்குத்தான் போயிற்று. எல்லாவற்றையும் பிரசங்கமாக்க வேண்டியதில்லை.

“அப்படியானால் விண்டோஸ் மட்டும் எப்படி ஓடியது?” என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சகோதரியிடம் விசாரித்தபோது, வாரத்தில் இரண்டு முறையாவது அது நின்றுபோகும், அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். மனு தட்டச்சு செய்யும்போது நினைவகத்தின் சிறு பகுதிதான் பயன்படும். பழுதான இடத்தை அபூர்வமாகவே அது தொடும். நிறுவல் அப்படியன்று. பென் டிரைவில் சுருக்கி வைக்கப்பட்ட முழு இயங்குதளமும் நினைவகத்தின் வழியாக விரிந்துதான் வட்டுக்குப் போகிறது. கடந்துபோகும் கூட்டம் பெரிதாகும்போது உடைந்த படியில் யாரோ ஒருவருடைய கால் படத்தான் செய்யும்.

நல்ல அட்டை ஒன்றோடு நிறுவலைத் தொடங்கினோம். மொழி, நேர மண்டலம், பயனர் பெயர், எல்லாத் திரைகளையும் தடையின்றிக் கடந்தது. கோப்புகளும் படியெடுக்கப்பட்டன. கடைசிக் கட்டத்தில், மொழிப் பொதிகள் இறக்கப்படும் இடத்தில், பட்டை நகராமல் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். தம்பியின் முகம் வாடிற்று. கை மின்பொத்தானை நோக்கிப் போயிற்று.

“இருங்க தம்பி, அந்த லைட்டு மினுக்குது பாருங்க,” என்றார்கள் சகோதரி.

வட்டின் சிறு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சுட்டியும் அசைந்தது. கேப்ஸ் லாக் விசையைத் தட்டினேன். விசைப்பலகையின் விளக்கு எரிந்து அணைந்தது. இது எளிய சோதனை, நினைவில் வையுங்கள். அந்த விளக்கு விசைக்குப் பதிலளித்தால் இயங்குதளம் உள்ளே உயிரோடிருக்கிறது. பதிலே இல்லையென்றால் பெரும்பாலும் உறைந்துவிட்டது. தானாகவே மினுக்கிக்கொண்டிருந்தால் கரு நிலைகுலைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அன்று உறைதல் எதுவும் இல்லை. செல்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக மெதுவாக வந்துகொண்டிருந்த இணையத்திற்காகக் கணினி காத்திருந்தது, அவ்வளவே. அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்திருந்தால் பாதி நிறுவப்பட்ட வட்டோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். பத்து வருடம் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்தவர்களின் கண் அதைக் கண்டது. படித்த இருவர் கண்ணில் படவில்லை.

மற்றவை விரைவாக முடிந்தன. தமிழ் உள்ளீட்டுக்குத் தமிழ்99 முறையோடு பழைய தட்டச்சு முறையும் லினக்ஸில் கிடைக்கிறது. ஆகவே சகோதரியின் விரல்கள் புதிதாக ஒன்றையும் கற்க வேண்டியிருக்கவில்லை. லிப்ரே ஆபிஸில் மனு வார்ப்புருக்கள் திறந்தன. சிலவற்றில் ஓரங்கள் நகர்ந்திருந்ததைத் திருத்தினார்கள். அச்சுப்பொறி மட்டும் ஒரு நாள் முரண்டு பிடித்தது. அடுத்த வாரம் தம்பி சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி ரிச்சி தெருவுக்குப் போய், பயன்படுத்திய 4 ஜிபி டி.டி.ஆர்.3 அட்டை ஒன்றை 500 ரூபாய்க்கு வாங்கிவந்தார். அதையும் ஓர் இரவு முழுவதும் சோதித்த பிறகே பொருத்தினோம். சங்கிலி சகோதரியின் கழுத்தில் இருக்கிறது.

மாற்றப்பட்ட அறிக்கைத் தாள்களின் ஒரு படியை ஆலய அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அவற்றில் நம் சபையில் பலருடைய திருமண அறிவிப்புகளும் இப்போது நம்மோடு இல்லாதவர்களின் பெயர்களும் உள்ளன. பார்க்க விரும்புவோர் அலுவலக நேரத்தில் வரலாம்.

பழைய கணினி வைத்திருப்போர் சனிக்கிழமை மாலை 4 மணிக்குமேல் ஆலயக் கூடத்திற்குக் கொண்டுவரலாம். தம்பியோடு வாலிபர் ஐக்கியத்தார் மூவர் இருப்பார்கள். வருமுன் உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் கணினியை இயக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அது எங்கே நின்றது, எத்தனை முறை நின்றது என்பதை ஒரு தாளில் எழுதி வந்தால் எங்கள் வேலை பாதியாகும்.