அண்ணாச்சி, ஜிபே இருக்கா?

சங்கரன்கோவில் கடைவீதியில் டீக்கடை, பூக்கடை, பிரியாணிக் கடை எங்கே போனாலும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது இதைத்தான். "இருக்கு, அடிங்க" என்று சொல்லி, கடைக்காரர் பிளாஸ்டிக் அட்டையைத் திருப்பி வைக்கிறார். பக்கத்தில் இருக்கும் சின்ன ஒலிப்பெட்டி நாற்பது ரூபாய் வந்ததை ஊருக்கே கேட்கும்படி சொல்கிறது. சில்லறைத் தகராறு இல்லை, கிழிந்த நோட்டு இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பு இந்தத் தெருவில் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

யுபிஐ முறையை அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தது 2016 ஏப்ரல் 11-ஆம் தேதி. அந்த நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், ஏடிஎம் வாசலில் ஊரே காத்துக் கிடந்தது. அப்போது வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டவர்கள் பலர். 2025 ஆகஸ்டில் மட்டும் நாடு முழுக்க யுபிஐ வழியே 2000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன.

வசதியைப் பற்றி இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆடித் தபசுக் கூட்டத்தில் மடியில் பணத்தை முடிந்துகொண்டு, கை அதன்மேலேயே இருக்க நடந்த தலைமுறைக்கு, பணமே எடுக்காமல் திருவிழாவுக்கு வந்து போவது பெரிய விடுதலை. ஆனால் அதே கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாங்கியவர் கணக்கில் பணம் போய்விட்டது, விற்றவருக்கு வரவில்லை. இருவருமே பொய் சொல்லவில்லை. இதற்கென்று 2019-லேயே ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. கடைக்குச் செலுத்திய பணம் இப்படி நடுவில் நின்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இது தெரிந்த வாடிக்கையாளரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு காட்சியும் கடைவீதிகளில் சாதாரணம். மல்லிகையும் பிச்சியும் தொடுத்து விற்கிற அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். கூடையில் செருகியிருக்கும் கியூஆர் அட்டையோ வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது. வாங்குபவர் பணம் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டுகிறார். அந்த அம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறார். அது உண்மையான ரசீதா, பணம் அனுப்பியது போலக் காட்டும் போலிச் செயலியா என்று அவரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அவர் உழைத்த காசு அவர் கையைத் தொடாமலே வேறு கணக்குக்குப் போகிறது. மறுநாள் பூ எடுக்க மகன் அனுப்பினால்தான் உண்டு. பாதுகாப்பு பற்றிப் பேசும்போது இந்த அம்மாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பட்டன் போனுக்கான யுபிஐ சேவை 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதை அவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

யுபிஐ-யின் கட்டமைப்பு பலவீனமானது அல்ல. கணக்கு, சிம் கார்டு, போன், ரகசிய எண் எல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. திருடர்கள் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்காரரையே திறக்க வைக்கிறார்கள். "உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனையோ பேர் ஏமாந்தார்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இந்த மோசடிக்குப் பெரிதும் உதவியதால், 2025 அக்டோபர் முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. நல்ல முடிவு, இன்னும் முன்னதாகவே எடுத்திருக்க வேண்டிய முடிவு. அதற்குள் போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிற கூட்டம் கிளம்பிவிட்டது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

பணம் போன பிறகு என்ன என்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு பைசாகூட இழப்பு வரக்கூடாது. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து தானே பின் நம்பரைப் போட்டவரின் நிலை வேறு. புகார் செய்யும்வரை போனது அவர் தலையில்தான். புகாருக்குப் பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒருவரைத் தேர்ந்த மோசடிக்காரன் மணிக்கணக்கில் பயமுறுத்தி வாங்கிய பணத்தை "நீங்களே அனுப்பியது" என்று ஒதுக்குவது நியாயமில்லை. பெரிய தொகை முன்பின் தெரியாத கணக்குக்கு முதல்முறையாகப் போகும்போது, வங்கி சில மணி நேரமாவது நிறுத்தி வைக்கலாம். அவசரம் என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். அந்தத் தாமதம் காப்பாற்றும் குடும்பங்கள் அதைவிட முக்கியம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேமிப்பும் ஓய்வூதியமும் இருக்கிற கணக்கை ஜிபேயோடு இணைக்காதீர்கள். சில்லறைச் செலவுக்குத் தனிக்கணக்கு ஒன்று வைத்து, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவதற்குள் முடக்க அதுதான் வழி. அப்புறம் வங்கிக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.