ஓராண்டு வாசிப்பு: ஒரு சிறு கணக்கு

ஆண்டிறுதி என்பது பத்திரிகை அலுவலகங்களில் கணக்கெடுப்புக் காலம். முக்கிய நிகழ்வுகள், மறைந்த பிரமுகர்கள், விளையாட்டுச் சாதனைகள் என்று பக்கங்கள் நிரம்பும். முப்பது ஆண்டுகளாக இப்பணியைச் செய்துவரும் நான், இம்முறை எனது சொந்த வாசிப்பையும் கணக்கெடுத்துப் பார்த்தேன்.

பத்திரிகையாளன் நாள் முழுவதும் வாசிப்பவன்தான். அறிக்கைகளும் நிருபர்களின் செய்திகளும் கண்முன்னே ஓடிக்கொண்டேயிருக்கும். இரவு வீடு திரும்பும்போது அவற்றுள் ஒரு வரியேனும் மனதில் தங்கியிராது. அந்தச் சலிப்பினால்தான் கடந்த தை மாதத்தில் ஒரு தீர்மானம் எடுத்தேன். ஈழத்துத் தமிழ் நாவல்கள் பன்னிரண்டினை, அவை வெளிவந்த கால வரிசையில், மாதத்துக்கு ஒன்றாக வாசிப்பது. காலையில் கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன்னர் முப்பது பக்கங்கள்.

தொடக்கம் 1885 இல் வெளிவந்த சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’. பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனனம் செய்த பெயர் அது. நூலை முழுமையாக வாசிக்க வாய்த்தது இப்போதுதான். கதை எகிப்தின் கெய்ரோ நகரில் தொடங்குகிறது. அதை எழுதியவரோ கண்டியில் வாழ்ந்த சட்டத்தரணி. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தவர். ஈழத்து நாவலின் வாசலில் ஒரு பத்திரிகையாளர் நிற்கிறார் என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

கால வரிசையில் வாசித்ததனால் ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ (1914) மணவாழ்வில் ஒரு பெண் படும் துயரைப் பேசுகிறது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மக்களைக் காட்டுகிறது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை நேருக்கு நேர் நிறுத்துகிறது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) வன்னியின் தண்ணிமுறிப்புக்கு அழைத்துச் செல்கிறது. முன்னைய நூல் வாசலில் நிறுத்திவைத்த மனிதரை அடுத்த நூல் உள்ளே அழைத்து அமரச் செய்கிறது. தனித்தனியே வாசித்திருந்தால் இந்த நகர்வை நான் கண்டிருக்கமாட்டேன்.

இனி, கவலைக்குரிய கணக்கு. பட்டியலிட்ட பன்னிரண்டில் எனது அலுமாரியில் இருந்தவை நான்கு மட்டுமே. தந்தையார் சேர்த்து வைத்திருந்த நூல்கள் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு போயின. அதற்கு முன்னரே, 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலாகியிருந்தன. மீதி எட்டு நூல்களுக்காகக் கொழும்புப் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினேன், இரண்டு கிடைத்தன. மற்றவற்றுக்குக் கைகொடுத்தது, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம்.

அவ்வாறு வாசித்த ஒரு நாவலின் முதற் பக்கத்தில், நீல மையில் யாரோ ஒருவரின் கையொப்பமும் வாங்கிய திகதியும் இருந்தன. எத்தனை இடப்பெயர்வுகளில் எதையெதையோ கைவிட்டு, இதனை மட்டும் அவர் சுமந்து சென்றாரோ! அவர் சுமந்திராவிட்டால் எனது அந்த மாதம் வெறுமையாகவே கழிந்திருக்கும். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்று என்ற இலக்கு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பிரதிகள் அருகிவிட்ட ஒரு நூலுக்கு, அதனை வாசித்தவர் ஒவ்வொருவரும் மேலும் ஒரு பிரதி. அதைப்பற்றி நாலு பேரிடம் சொல்லக்கூடிய பிரதி.

பன்னிரண்டில் ஒன்பது நிறைவுற்றன. ‘நிலக்கிளி’யை இரு தடவை வாசித்தேன். எஞ்சிய மூன்றும் வரும் ஆண்டுக்கு உரியவை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. பழைய நூல்கள் எல்லாம் மறுபதிப்புக் காணும் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்ணிலோ இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் ஊரிலிருந்து கொண்டுவந்த நூல் ஏதேனும் இருக்கக்கூடும். முதலில் அதனை ஒரு முறை வாசியுங்கள். பின்னர், மின்பிரதி எடுப்போரின் கையில் சேர்ப்பியுங்கள்.