365 படிகளும் ஒரு செயலியும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருடத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள இளைஞர்களுக்கும் அதே கணக்குதான். கணையம் இன்சுலினைச் சுரக்காது. 365 நாளும் வெளியிலிருந்து போட வேண்டும், லீவு கிடையாது.

இன்சுலின் போட்டுவிட்டு, விரதமென்று சாப்பிடாமல் படியேறினால் சர்க்கரை சட்டென இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், நினைவே தப்பலாம்.

2012-ல் வியன்னாவில் தொடங்கிய 'மைசுகர்' போன்ற மொபைல் செயலிகள் சர்க்கரை அளவு, சாப்பாடு, இன்சுலின், நடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குறித்துவைக்க உதவுகின்றன. ஆனால் நண்பர்களே, எத்தனை இட்லி, எத்தனை படி என்று நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் எழுதாவிட்டால் செலவு இல்லையென்று ஆகிவிடுமா? செல்போனோடு சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸும் இருக்கட்டும்!