மருந்து, கேப்பு, குண்டு... மேக்கரை அடிவாரத்தில் ஒரு முதல் துப்பாக்கிக் கணக்கு!

கதிர் முற்றிய வயலில் ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கிவிட்டுப் போனால், காலையில் போய்ப் பார்க்கிறவருக்கு வயிறு பற்றி எரியும். தின்றது கொஞ்சம்தான். உருண்டு புரண்டு மிதித்ததுதான் அதிகம். தென்காசி மாவட்டத்தில் பண்பொழி, வடகரை, மேக்கரை என்று மலையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் இது தெரிந்த கதை. தென்னைக்கு யானை, நெல்லுக்குப் பன்றி என்று பிரித்து வைத்துக்கொண்டதுபோல் வருகின்றன.

அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர். நாற்பதைத் தொடாத வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அடவிநயினார் அணைத் தண்ணீரை நம்பி அப்பாவின் நிலத்துக்குத் திரும்பி வந்தவர். இரண்டு போகம் பன்றிக்குக் கொடுத்த பிறகு, துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போடுவது என்று முடிவெடுத்தார். வீட்டில் எதிர்ப்பு. "சின்னப் பிள்ளைங்க இருக்குத வீட்டுல துப்பாக்கி எதுக்கு?" என்று மனைவி கேட்ட கேள்விக்கு அவரிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை.

ஆனால், சட்டத்தில் அவருக்கு இடம் இருக்கிறது. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு, குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று தனியாகவே சொல்கிறது. தோட்டா போட்டுச் சுடும் நவீனத் துப்பாக்கி கிடையாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி. விவசாயி என்றால் அதுவே போதும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் மட்டும் வேறு வகைக்கு வழி உண்டு.

சரி, துப்பாக்கியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார். ஒரு காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த பெரியப்பாதான் சிரித்தார்.

"ஏலே, துப்பாக்கி வெறும் குழாய்டே. மருந்து, கேப்பு, குண்டு, இந்த மூணுல ஒண்ணு தப்பாப் போச்சுன்னா பன்னிக்கு ஒண்ணும் ஆவாது. ஒனக்குத்தான் ஆவும்."

தோட்டாத் துப்பாக்கியில் இந்த மூன்றையும் கம்பெனியே அளந்து, ஒரே கூட்டில் அடைத்துக் கொடுத்துவிடுகிறது. வாய்வழித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் சுடுகிறவரே அளந்து, கொட்டி, தக்கை வைத்து, குண்டு இறக்கி, கெஜக்கோலால் குத்தி இறுக்கி, கடைசியில் கேப்பு மாட்ட வேண்டும். அதாவது, ஒவ்வொரு வெடிக்கும் தோட்டாவை அவரே குழலுக்குள் தயாரிக்கிறார். முதல்முறை வாங்குகிறவருக்கு யாரும் சொல்லித் தராத பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கேப்பு. செம்பில் செய்த குட்டித் தொப்பி மாதிரி இருக்கும். உள்ளே, தட்டினால் வெடிக்கிற மருந்து ஒரு பொட்டு. குழலின் அடியில் இருக்கும் சின்ன முனையில் இதை மாட்டி, விசையை இழுத்தால், 'குதிரை' வந்து அறையும். பொறி உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். இந்தக் கேப்பில் அளவுகள் உண்டு. 10-ம் நம்பர், 11-ம் நம்பர், ராணுவத் துப்பாக்கிகளுக்கான பெரிய தொப்பி என்று பல. அமெரிக்காவில் இப்போது வரும் புது மாடல்களில் 209 என்ற, தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரையே போடுகிறார்கள். நம் ஊர்ப் பழைய துப்பாக்கிக்கு அது பொருந்தாது. முனைக்குத் தகுந்த தொப்பிதான் வேண்டும். தொளதொள என்று இருந்தால் கீழே விழும். இறுக்கமாக இருந்தால் முதல் அடியில் தொப்பி உட்காரும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். விரலால் நசுக்கிப் பொருத்துகிறவர்களும் உண்டு. வெடிக்கும்போது செம்புத் துணுக்கு சிதறும் என்பதால் கண் கண்ணாடி இல்லாமல் இந்தத் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

இந்தக் கேப்புக்கு மூலம் ஒரு பாதிரியார் என்பது வேடிக்கையான விஷயம். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஃபோர்சைத், பறவை வேட்டைப் பிரியர். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வெளியே ஒரு மின்னல் அடிக்கும், பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த மின்னலைப் பார்த்துப் பறவைகள் தப்பிவிட்டன. தட்டினால் வெடிக்கும் மருந்தை வைத்து அவர் 1807-ல் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில்தான் சில ஆண்டுகளில் செம்புத் தொப்பி வந்தது.

அடுத்தது மருந்து. இதில் அளவைவிட முக்கியம், இனம். வாய்வழித் துப்பாக்கிக்குக் கரிமருந்து மட்டும்தான். தோட்டாக்களில் இருக்கும் புகையில்லாத மருந்தைப் பிரித்துக் கொட்டினால், அந்த அழுத்தத்தைப் பழைய குழல் தாங்காது. பிளந்துவிடும். பட்டாசு மருந்தைப் போட்டுப் பார்க்கிற 'புத்திசாலிகள்' நிலையும் அதுதான். கை போனவர்களின் கதை மலையோர ஊர்களில் ஒன்றிரண்டாவது கேட்கலாம். மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவதும் ஆபத்து. முந்தைய வெடியின் கங்கு உள்ளே மிச்சம் இருந்தால், குப்பியோடு பற்றிக்கொள்ளும். தனி அளவைக் குவளையில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும்.

குற்றாலத்துக்காரர்களுக்கு இன்னொரு வில்லன் சாரல். சுற்றுலா வருகிறவர்கள் ஐந்தருவியில் நனைந்து கொண்டாடும் அதே ஈரம், மருந்தை நமத்துப்போக வைக்கும். சுட்ட பிறகு குழலில் படியும் கரி, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். "கறவ மாட்டக்கூட ஒரு நேரம் பட்டினி போடலாம், இதைக் கழுவாமப் படுக்க முடியாது" என்கிறார் பெரியப்பா.

குதிரை அறைந்தும் வெடிக்கவில்லை என்றால்? அங்கேதான் பலர் குழலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். நமத்த மருந்து தாமதமாகவும் பற்றும். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே மருந்து ஏற்றியதை மறந்து மறுபடி ஏற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்திலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தபோது, பெரும்பாலானவை சுடப்படாமல் மருந்தோடு கிடந்தன. பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கெட்டித்திருந்தார்கள். பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே பதற்றத்தில் இந்தக் கதி. கெஜக்கோலில் 'காலிக் குழல் இதுவரை, ஏற்றிய குழல் இதுவரை' என்று இரண்டு கோடு போட்டுக்கொண்டால் இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். பத்துப் பைசா செலவில்லாத வேலை.

மூன்றாவது, குண்டு. குழலுக்குள் திருகு வரிகள் இருந்தால்தான் அது ரைஃபிள். அதற்குக் குழல் வாயைவிட ஒரு நூல் சின்னதான ஈயக்குண்டை, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி இறக்குவார்கள். துணி வரியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றி அனுப்பும். வரி இல்லாத வழவழக் குழல் என்றால் சின்ன ஈய ரவைகள். எதுவானாலும் ஈயம்தான், அது மெத்தென்று இருப்பதால் குழலைக் கீறாது. நாட்டுத் துப்பாக்கி வழக்குச் செய்திகளில் அடிக்கடி வரும் 'பால்ரஸ்' குண்டு எஃகு. அது குழலையும் கெடுக்கும், பிடிபட்டால் வாழ்க்கையையும் கெடுக்கும். எந்தக் குண்டானாலும் மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

தப்பான சாமான், ஆளை மட்டுமல்ல, அரசையே ஆட்டியிருக்கிறது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு உடனடிப் பொறியாக இருந்தது, என்ஃபீல்டு வாய்வழித் துப்பாக்கிக்கான காகிதப் பொட்டலத்தில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சுதான். பல்லால் கடித்துத்தான் அதைப் பிரிக்க வேண்டும்.

தென்காசி மண்ணுக்கும் இந்த வகைத் துப்பாக்கி புதிதில்லை. இதே மாவட்டத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் 1755-லேயே கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். பாளையக்காரர்களிடம் வேல், வளரியோடு திரித் துப்பாக்கிகளும் இருந்தன. கடைசியில் 1801 டிசம்பர் 1-ம் தேதி வந்த பிரகடனம் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. பிறகு 1878 ஆயுதச் சட்டம். குடகில் மட்டும் பூர்வீகக் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு இன்றும் தொடர்கிறது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். மேக்கரைக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மருந்தும் கேப்பும் லைசென்ஸ் பெற்ற கடையில்தான். லைசென்ஸில் எழுதிய அளவுக்குத்தான். தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். பெரியப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் சுமந்து சுமந்து அலுத்துப்போய்த்தான் ஒரேயடியாக ஒப்படைத்தாராம்.

இவ்வளவையும் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகுதான் அவருக்குப் பெரிய முடிச்சு புரிந்தது. ஆயுதச் சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தருகிறது. வனவிலங்குச் சட்டம் பன்றியைச் சுட விடுவதில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்கு விலக்கு உண்டு. பயிருக்கு என்றால் எழுத்துமூல அனுமதி வேண்டும். புளியரையைத் தாண்டி ஆரியங்காவு போனால் கேரளா. அங்கே 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டும். ஒரே மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் என்பது விவசாயிக்கு எரிச்சல்தான். அந்த எரிச்சலில் அர்த்தம் இருக்கிறது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, எதற்கு என்பதை இன்னொரு அலுவலகத்தில் கேட்கச் சொல்வது எந்த வகையிலும் உதவி இல்லை.

அவருடைய வயலிலிருந்து காப்புக்காட்டு எல்லை, டூவீலரில் இரண்டு நிமிடம்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நான் குண்டு போட்டுச் சுட்டதை நீ எப்பம்டே பாத்த? எந்நேரமும் வெறும் வேட்டுதான். சத்தம் கேட்டாப் போயிரும். ஒரு வருசம் கழிச்சு அதுக்கும் பழகிருச்சு."

மனு இன்னும் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. பயிர்ச் சேத இழப்பீட்டுக்காக வனத்துறைக்குக் கொடுக்க வயலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். மருந்து, கேப்பு, குண்டு என்று விலை குறித்திருந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் இப்போது சோலார் வேலிக் கணக்கு. அதற்கும் 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த மனுவை முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மனைவி.