புகை வராத லாரி

நாமக்கல்லில் லாரி பட்டறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாடி கட்டுபவர், பட்டை போடுபவர், ரேடியேட்டர்காரர் என்று சாலையோரமெங்கும் இருக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்த இடத்துக்குப் பழைய வண்டிகள்தான் வரும். ஸ்கேனர் சொருக இடமே இல்லாத, வரிசை பம்ப் வைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின்கள்.

அன்று வெங்காய லோடோடு ஒரு வண்டி நின்றது. "இழுவையே இல்லீங்கண்ணா. ஜவ்வரிசி ஏத்திக்கிட்டுப் போறப்ப தொப்பூர் மேட்டுல ஆட்டோக்காரன்கூட முந்திட்டுப் போறான்" என்றார் டிரைவர். வழியில் ஓரிடத்தில் ஆறு நாசிலையும் மாற்றியிருந்தார்கள். பலனில்லை.

மெக்கானிக்குக்கு வயது அறுபதுக்கு மேல். ஸ்பேனரை எடுக்கவில்லை.

"நிறுத்திட்டு எடுத்தா எப்படி இருக்கு தம்பி?"

"கொஞ்ச தூரம் நல்லாப் போகுதுங்க. அப்புறம் படுத்துக்குது."

"புகை?"

"ஒண்ணுமே வரலீங்க."

பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார். கறுப்புப் புகை என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டைமிங்கோ நாசிலோ. புகையே இல்லாமல் இழுவை போனால், டீசல்தான் போதவில்லை.

ஆனாலும் மற்றதை விடவில்லை. பட்டறைப் பையனிடம் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் கடைசி போல்ட்டைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புகை தள்ளவில்லை; பேக் கம்ப்ரஷன் இல்லை. இன்ஜின் ஓட ஓட, நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினார். ஒவ்வொரு முறையும் சத்தம் ஒரே அளவில் இறங்கியது. ஆறும் வேலை செய்கின்றன. சீல் வைத்த பம்ப்பின் பக்கம் கையே போகவில்லை. இழுவை இல்லையென்றால் உடனே பம்ப் ஸ்க்ரூவை ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு; இன்ஜின் சூடாகும், டீசல் குடிக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஃபீட் பம்ப்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வேறொரு ஹோஸ் மாட்டி டீசல் கேனுக்குள் விட்டார். ரிட்டர்ன் ஹோஸும் அதே கேனுக்குள். ராசிபுரம் ரோட்டில், வழக்கமாகப் படுத்துக்கொள்ளும் தூரத்தைத் தாண்டியும் வண்டி லோடோடு ஜம்மென்று போனது. இன்ஜின்மேல் குற்றமில்லை, டேங்க்தான்.

டேங்கை இறக்கிக் கவிழ்த்தார்கள். துருவோடு ஒரு பாலிதீன் துண்டு வந்து விழுந்தது. மூடி கசிகிறதென்று யாரோ அதற்கடியில் வைத்தது. வண்டி இழுக்கும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் நழுவிவிடும்.

"அப்ப நாசிலுக்குக் குடுத்த காசு?" என்றார் டிரைவர்.

"அதை மாத்துனவன்கிட்டக் கேளு."

டேங்கைக் கழுவச் சொல்லிவிட்டு, மூடிக்குப் புது ரப்பர் வாஷர் வாங்கிவரப் பையனைக் கடைக்கு அனுப்பினார்.